அன்புக்கரசியின் எண்பத்தாறு மணி நேரத் தூக்கம்

நெய்வேலி டவுன்ஷிப், பிளாக் இருபத்தொன்றில் குடியிருக்கும் சிலம்பரசனின் மகள் அபி, அசையாத எதன்மேல் படுக்க வைத்தாலும் மேலே போய்விடுவாள். பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போதுதான் இது தெரிந்தது. எடை மெஷினில் கிடத்திவிட்டு நர்ஸ் பேனாவைத் தேடினார். தேடி எடுத்து நிமிர்ந்தால் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறது, குழந்தை டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் விரல் சப்பிக்கொண்டிருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, காலைப் பிடித்து இறக்கினார்கள். கையில் வைத்துக்கொண்டு நடந்தால் கனம் வந்தது, நின்றால் போய்விட்டது. டாக்டர் சர்வீஸில் நிறையப் பார்த்தவர். "எடை: நடக்கும்போது சுமார் மூன்று கிலோ, நிற்கும்போது இல்லை" என்று கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு தடுப்பூசிகளையெல்லாம் வராந்தாவில் கூடவே நடந்துகொண்டுதான் போட்டார்.

வேறு ஊராக இருந்தால் பந்தல் போட்டு உண்டியல் வைத்திருப்பார்கள். நெய்வேலியில் எதுவுமே ஷிப்ட் கணக்கில்தான் ஓடும் என்பதால், பிளாக்காரர்கள் கூடி ஒரு சார்ட் தயாரித்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். தூளியை ஆட்ட ஷிப்டுக்கு ஒரு ஆள். சிலம்பரசன் ரெண்டாம் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன். அடுத்த ஷிப்டுக்காரரான ரிலீவர் வந்து கையை வைக்கும்வரை ஓடுகிற மெஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதே சட்டத்தைச் சார்ட்டின் கீழே சிவப்பு மையில் எழுதி, வாசல் கதவில் ஒட்டினான். ஹாலில் இருந்த ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு தலையணைகளைக் கட்டினார்கள். சித்திரை வெயிலில் அந்த வீட்டில் உட்கார்ந்து தூளி ஆட்டியவர்களுக்குச் சொர்க்கத்தில் இடம் உறுதி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செவ்வந்திதான் ஒரு நாள் தற்செயலாக அவளை இறக்க ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். அபி மேலே போய்விட்டால் ஸ்டூலைத் தேடி ஓட வேண்டியதில்லை. கீழே வெறும் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும், அவளே மெல்ல இறங்கி வந்து அதில் படுத்துக்கொள்வாள்.

ஏ ஷிப்டும் பி ஷிப்டும் ஒழுங்காக நடந்தன. சிக்கல் சி ஷிப்டில். சிலம்பரசனின் சொந்த ரிலீவரான வெள்ளைச்சாமி, மதுரைப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன், பத்தாம் நாள் தூளிக் கயிற்றைப் பிடித்தபடியே குறட்டை விட்டுவிட்டார். பொழுது விடிந்து அபியின் அம்மா அன்புக்கரசி வந்து பார்த்தபோது குழந்தை தலையணைக்கும் பரணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீறிட்டது. அன்றைக்கே அவள் சார்ட்டில் சி ஷிப்ட் கட்டங்கள் அத்தனையிலும் தன் பெயரை எழுதினாள். யார் சொல்லியும் அழிக்கவில்லை. சிலம்பரசன் தானே ஆட்டுகிறேன் என்றபோதும், "நீங்க மைன்ஸ்ல தூங்காம இருந்தா போதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஐந்து மாதம் அப்படியே போனது. அன்புக்கரசி தூங்கவில்லை என்றால், கண் மூடவே இல்லை என்று அர்த்தம். காபியில் உப்பைப் போட்டாள். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு என்பதால் ஒரு நாள் செவ்வந்தி வீட்டுக்குள் போய்ச் சாம்பாரைப் பாதி வைத்துவிட்டு, இந்தப் பெண் ஏன் நம் வீட்டில் டிவி பார்க்கிறாள் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். ஆடி மாதம் ஒரு சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரவுண்டானாப் பக்கம் நடந்தவள், நடந்தபடியே தூங்கி, தூங்கியபடியே நின்றுவிட்டாள். கை தளர்ந்தது. அபி மேலே போனாள். மரங்கள் அடர்ந்த ரோடு என்பதால் தூங்குமூஞ்சி மரக் கிளை ஒன்று பிடித்துக்கொண்டது. அந்தக் கிளை இல்லாவிட்டால் மேலே வானம்தான் இருந்தது. அன்று முதல் அவள் துப்பட்டாவின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் கட்டிக்கொண்டாள். டாக்டர் சிலம்பரசனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் உன் மனைவி தூங்காவிட்டால் எங்கேயாவது விழுவாள், குழந்தையோடு விழுவாள் என்றார்.

நிற்காமல் போகிற வண்டி ஒன்று வேண்டும். பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் அபி தலைக்குமேல் கம்பியில் போய் முட்டினாள். சேத்தியாத்தோப்பில் டிரைவர் டீ குடிக்க இறங்கிய பத்து நிமிஷமும் அன்புக்கரசி பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தாள். ரயிலும் விருத்தாசலத்தில் நின்றது. கடைசியில் வெள்ளைச்சாமிதான், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். சென்னையிலிருந்து கிளம்பி நான்கு நாள் கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் சொகுசுக் கப்பல். "கப்பல்னா நின்னாலும் ஆடிக்கிட்டுத்தானப்பா கெடக்கும்" என்றார்.

பிளாக்கே பரபரப்பாகிவிட்டது. காஷ்மீர் போனவர்கள், அந்தமான் போனவர்கள் எல்லாம் டவுன்ஷிப்பில் உண்டு. கைக்குழந்தையோடு உல்லாசக் கப்பல் ஏறியவர் இல்லை. செவ்வந்தி ஆறு பாட்டில் கிரைப் வாட்டரும் ஒரு பை முறுக்கும் கொடுத்தாள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கப்பலில் இடமில்லை என்று விதி. புறப்படும் திங்கட்கிழமைதான் அபிக்குச் சரியாக ஆறு மாதம் முடிந்தது. துறைமுகக் கவுன்ட்டரில் அதிகாரி பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தையை அசையாமல் பிடியுங்கள், அடையாள அட்டைக்கு ஒரு போட்டோ என்றார். அசையாமல் பிடித்தார்கள். அட்டையில் மேல் ஓரமாக இரண்டு பாதங்கள் மட்டும் விழுந்தன. அதிகாரி அதற்கே முத்திரை வைத்தார்.

நாலரை மணிக்குக் கப்பல் நகர்ந்தது. கேபின் கட்டில்மேல் அன்புக்கரசி குழந்தையைக் கிடத்தி, ஒரு சாண் உயரத்தில் கையைக் காவல் வைத்தாள். அபி மேலே வரவில்லை. இரண்டு கையையும் விரித்து, காலை நீட்டி, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். கால் மணி, அரை மணி ஆயிற்று. "அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கினு இருக்கேங்க. தூங்கமாட்டேன்" என்றாள் அன்புக்கரசி. சென்னைக் கட்டடங்கள் ஜன்னலை விட்டு மறையும் முன்னால், காலில் செருப்போடு அவள் தூங்கிப்போனாள். அப்போது மணி ஐந்து.

சிலம்பரசன் எழுப்பவில்லை. செருப்பைக் கழற்றி வைத்தான். அபிக்குப் பசித்தபோதெல்லாம் கொண்டுபோய்ப் பக்கத்தில் கிடத்தினான். அவள் கண் திறக்காமலே அணைத்துப் பால் கொடுத்துவிட்டுக் கையை விரித்தாள். மற்ற நேரமெல்லாம் அப்பனும் மகளும் கப்பலைச் சுற்றினார்கள். பள்ளத்துக்குள் ஓடும் பெல்ட்டையே பார்த்துப் பழகியவனுக்குப் பதினொரு மாடிக் கப்பல் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் ஏறி இறங்கினான், நீச்சல் குளத்தில் காலை நனைத்தான், பதினாறு வகைச் சாப்பாட்டில் தயிர்சாதத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். மேல் டெக்கில் துண்டு விரித்து மகளைப் படுக்க வைத்தான். ஆறு மாதமாக உலகத்தை மேலேயிருந்து குனிந்தே பார்த்தவள், அங்கேதான் வானத்தைப் பார்த்தாள். கையைக் காலை உதைத்துச் சிரித்தாள். சிலம்பரசனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இரண்டாம் நாள், கட்டு எதற்கு என்று, தன் இடுப்புக்கு மாற்றிக் கட்டியிருந்த துப்பட்டா முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

மூன்றாம் நாள் புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு இடப்பக்கம் டால்பின்கள் வந்தன. நூறுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கேப்டன் நல்ல மனுஷர். ஜனங்கள் ஆசைதீரப் படம் எடுக்கட்டும் என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கப்பல் அப்படியே நின்றது. ஆயிரத்தெண்ணூறு பேரும் இடப்பக்கக் கம்பியில் மொய்த்தார்கள். சிலம்பரசனும் போனான். ஒன்பது வருஷ சர்வீஸில் ரிலீவர் இல்லாமல் அவன் இடத்தை விட்டு எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பிப் பார்த்தபோது துண்டு மட்டும் கிடந்தது. அபி நீச்சல் குளச் சறுக்கின் உச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குமேல் தலையணை இல்லை, கிளை இல்லை. சிலம்பரசன் வாய்விட்டு அலறினான். டால்பின் பார்த்த கூட்டம் மொத்தமும் திரும்பி, என்ன என்று வலப்பக்கம் ஓடிவந்தது. அத்தனை பேர் கனத்துக்குக் கப்பல் ஒரு விரற்கடை சாய்ந்தது. மேலே அபி ஒரு முழம் இறங்கினாள்.

எஞ்சின் கிளம்ப முக்கால் மணி நேரமாகும் என்று கேப்டன் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். சிலம்பரசன் அதைக் கேட்கவில்லை. வெறும் தூளியை ஆட்டினால் அவள் இறங்குவாள். அவளுக்குக் கீழே இப்போது இருக்கிற ஒரே தூளி இந்தக் கப்பல்தான். அவன் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான்: "அந்தாண்ட ஓடுங்க! எல்லாரும் அந்தாண்ட! ம்... இப்ப இந்தாண்ட ஓடியாங்க!"

மொழி புரிந்தவர் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். எல்லாரும் ஓடினார்கள். தேன்நிலவுக்கு வந்தவர்கள் கைகோத்தபடி ஓடினார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடினார்கள். நடனக்காரிகள் இறகு வைத்த தொப்பியோடும், மூட்டு வலிக்காரர்கள் கைத்தடியோடும், சூரத்திலிருந்து வந்த வைர வியாபாரி ஒருவர் ஒற்றைச் செருப்போடும் ஓடினார்கள். பத்துத் தடவைக்குள் மேசைகள் சரிய ஆரம்பித்தன. இருபதில் நீச்சல் குளம் டெக்கில் வழிந்தது. அபி ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு முழம், ஒன்றரை முழம் என்று கெக்கலி கொட்டிக்கொண்டு இறங்கினாள். நாற்பத்திரண்டாம் தடவை வைர வியாபாரியின் கைக்கு எட்டினாள். அவர் குழந்தையைப் பிடித்தபடி விடாமல் ஓடினார், சிலம்பரசன் எதிரே ஓடிவந்து வாங்கிக்கொள்ளும்வரை.

அந்த நாற்பது நிமிஷமும் ஆறாம் மாடிக் கேபினில் அன்புக்கரசி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஆடிக்கொண்டு தூங்கினாள். பக்கத்துக் கேபின்களில் கண்ணாடி டம்ளர்கள் விழுந்து உடைந்தன. அவள் முழங்காலை மடக்கி, கன்னத்துக்கடியில் கையை வைத்து, ஒருக்களித்துப் படுத்தாள். ஐந்து மாதம் ஊருக்கெல்லாம் முன்னால் நின்று தூளி ஆட்டியவளை அன்றைக்குத்தான் யாரோ ஆட்டினார்கள். கேப்டன் கப்பலின் பதிவேட்டில் "மூன்று பத்து முதல் மூன்று ஐம்பது வரை கப்பல் தொட்டிலாக ஓடியது" என்று எழுதினார். எஞ்சின் கிளம்பிய பிறகும் பயணிகள் கலைந்து போகவில்லை. சிலம்பரசன் ஒரு மெனு கார்டின் பின்பக்கத்தில் ஏ, பி, சி போட்டுக் கொடுத்தான். மீதி நாளெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று, ஷிப்டுக்கு இருநூறு பேர் வீதம் ஓடினார்கள். வைர வியாபாரி இரட்டை ஷிப்ட் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தொட்டபோது அன்புக்கரசி கண் விழித்தாள். எண்பத்தாறு மணி நேரம். முகம் கல்யாணத்தன்று இருந்ததுபோல இருந்தது. ஜன்னல் வழியே அதே கட்டடங்களைப் பார்த்துவிட்டு, "கப்பல் எப்பங்க கெளம்பும்?" என்று கேட்டாள்.

சிலம்பரசன் எதையும் மறைக்கவில்லை; மறைத்தாலும் ஆயிரத்தெண்ணூறு போன்களில் வீடியோ இருந்தது. வாடகைக் காரில் அதைப் பார்த்தவள் அவன் முதுகில் நாலு வைத்தாள். திண்டிவனம் வரைக்கும் குழந்தையை அவன் கையில் தரவில்லை. சுங்கச்சாவடியில் கார் நின்றபோது அவன் இறங்கிப் பின்னாலிருந்து குலுக்கினான், அதற்கும் சிரிக்கவில்லை. விழுப்புரம் தாண்டியதும் போனைத் திரும்பக் கேட்டாள். இந்த முறை குழந்தையைப் பார்க்கவில்லை. ஓடுகிறவர்களையே பார்த்தாள். கைத்தடிக்காரர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

"இவங்கள்லாம் யாருங்க?"

"தெரியாது. யாரோ."

பண்ருட்டி வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கதவில் இருந்த சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். அதில் சி ஷிப்ட் கட்டங்கள் காலியாக இருந்தன. முதல் வாரம் வெள்ளைச்சாமிக்கே கொடுத்தாள். அவர் கண்ணுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் வாரம் நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் உருட்டுப் பெட்டியோடு ஒருவர் இறங்கினார். சூரத்து வைர வியாபாரி. அதன்பிறகு மாதம் தவறாமல் யாராவது வருகிறார்கள்: கோயம்புத்தூர், கொச்சி, நாக்பூர். நடனக்காரிகளில் இரண்டு பேர் பொங்கலுக்கு வந்தார்கள். ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்ததும், எங்கே என்று கேட்காமலே பிளாக் இருபத்தொன்றில் கொண்டுவந்து விடுகிறார்கள். வருகிறவர் கையைக் கழுவிக்கொண்டு தூளிக் கயிற்றில் வைத்த பிறகுதான் அன்புக்கரசி எழுந்திருக்கிறாள். போய்ப் படுக்கிறாள். இந்த வாரம் வந்திருப்பவர் நாக்பூர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆட்டும் கை சீராக இருக்கிறது என்று செவ்வந்தி சொல்கிறாள். கதவில் ஒட்டிய சார்ட்டில் அன்புக்கரசியின் பெயருக்கு நேரே ஞாயிற்றுக்கிழமை 'ஆஃப்' என்று எழுதியிருக்கிறது.