கடை வரிக்காரனின் முகம்

பள்ளிக் கண்காட்சிக்குச் சித்திர ஆசிரியை ஷாமலா நான்கு கேலிச்சித்திரங்கள் வரைந்தாள். 1848இல் வெள்ளைக்காரன் போட்ட வரிகள். நாய்க்கு, வேட்டைத் துவக்குக்கு, வண்டிக்கு, கடைக்கு.

நினைவிலிருந்து அவளால் முகம் வரைய முடியாது. யாரையாவது பார்த்தாக வேண்டும். கடை வரி வாங்கும் துரைக்கு அவள் எடுத்துக்கொண்டது, குட்ஷெட் பஸ் நிலையப் பக்கக் கடைகளில் கப்பம் வாங்கும் ஒருவனின் முகம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். பிதுங்கிய கண்கள். வெட்டுப்பட்ட இடது புருவம். அவனுக்குக் கொடுக்காத கடையொன்று போன வருடம் எரிந்தது. யாரும் பொலிஸில் முறைப்பாடு செய்யவில்லை.

தொப்பியும் கிருதாவும் வைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தாள்.

துரையின் சிவப்புக் கோட்டுக்கு வர்ணம் தீட்டியது ஏழாம் ஆண்டு மாணவி துஷானி. கண்காட்சியன்று அவளுடைய தகப்பன் வந்தான். பெயர் லக்ஸ்மன். இடது புருவத்தில் வெட்டு.

ஷாமலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சிரித்தான்.

"மிஸ், என்னைய துரையாக்கிட்டீங்களே."

படத்தின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தான். போய்விட்டான்.

கண்காட்சிக்குப் பலகை தந்தவர் மயில்வாகனம். கட்டுக்கலையில் பலசரக்குக் கடை. லக்ஸ்மன் கப்பம் வாங்கும் தெரு அல்ல அது. படங்களைக் கழற்றும்போது கடை வரித் துரையின் படத்தைக் கேட்டார்.

"கண்ணு ரெண்டும் நல்லா முழிக்குது மிஸ். கடையில திருஷ்டிப் படம் மழையில போச்சு. இத மாட்டிக்கிறேன்."

கொடுத்தாள். அவள் கத்தோலிக்கப் பெண். திருஷ்டிக்குக் கட்டும் தேசிக்காயும் மிளகாயும் அவளுக்குச் சமையல் சாமான்.

அடுத்த வாரம் துஷானி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். டெங்கு என்றார்கள். பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவு.

வெள்ளிக்கிழமை பஸ் கட்டுக்கலையைக் கடந்தபோது ஷாமலா படத்தைப் பார்த்தாள். கடை வாசலுக்கு மேல் தொங்கியது. கீழே கம்பியில் கோத்த தேசிக்காய், மிளகாய். கம்பி துரையின் நெற்றியைத் துளைத்திருந்தது.

இறங்கி ஓடினாள்.

"கழட்டுங்க அண்ணே."

"ஏன் மிஸ்? யாவாரம் நல்லாத்தான் போகுது. நேத்துகூட ஒருத்தர் நின்னு பார்த்தாரு. போட்டோ எடுத்தாரு."

"புருவத்துல வெட்டு இருந்துச்சா?"

மயில்வாகனம் படத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணியைத் தேடிப் போனார்.

திங்கட்கிழமை இடைவேளையில் லக்ஸ்மன் சித்திர அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். கதிரையை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து மேசையில் வைத்தான்.

"வரைஞ்சதுக்கு நான் கோவிக்கல மிஸ். சிரிச்சேன்தானே?"

"ஆமா."

"கட்டித் தொங்கவிட்டுக் குத்தினா, அது வேற."

"அது கடைத் திருஷ்டிக்கு. உங்களுக்குச் செஞ்சது இல்ல."

"எனக்குப் பட்டிருந்தா பரவால்ல. கலர் அடிச்ச என் புள்ள கையில பட்டிருக்கு."

"அது நுளம்பால வந்தது."

"டொக்டரும் அதத்தான் சொல்றாரு."

வெள்ளைத்தாள் ஒன்றை உருவி அவள் முன் வைத்தான்.

"இப்ப உங்க முகத்த வரைங்க. என் வீட்டு வாசலுக்கு."

அவள் பென்சிலைத் தொடவில்லை.

"மிஸ் இதெல்லாம் நம்பமாட்டீங்கதானே?"

"நம்பமாட்டேன்."

"அப்ப என்ன பயம்?"

"பார்க்காம என்னால வரைய முடியாது."

அவன் போனின் கெமராவைத் திருப்பி அவள் முன் பிடித்தான். திரையில் அவள் முகம். 

வரையத் தொடங்கினாள். நெற்றி. மூக்கு. கண்கள்.

"கண்ண இன்னும் பெரிசா."

பெரிதாக்கினாள்.

"எதுவரைக்கும் தொங்கவிடுவீங்க?"

"புள்ள எழும்பும் வரைக்கும்."

எழும்பாவிட்டால் என்று அவள் கேட்கவில்லை.

போன் அடித்தது. திரையில் அவள் முகம் மறைந்து, ஆஸ்பத்திரி என்று எழுத்து வந்தது. லக்ஸ்மன் அதைப் பார்த்தான். எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை அப்படியே பிடித்திருந்தான். மறுபடியும் அவள் முகம் வந்தது.

"முதல்ல இத முடிங்க மிஸ்" என்றான்.