பால்பவுடர் டப்பா

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. விமான நிலையத்தின் ஐந்து சோதனை வரிசைகளிலும் பெல்ட்டில் போகும் பைகளின் படம் மட்டும்தான் இங்கே வரும். பைக்குச் சொந்தக்காரர் முகம் வராது. ஆறு பேர் ஆறு திரைக்கு முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முன்பெல்லாம் பை தட்டையாகத் தெரியும். புது மெஷின் வந்தபிறகு மவுஸைப் பிடித்து இழுத்தால் பை திரையில் உருண்டு திரும்பும், மேல்துணியை உரித்துவிட்டு உள்ளே போகலாம். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இங்கே எனக்குப் பெயரே கழுகுதான்.

எங்களைச் சோதிக்க மெஷினே அவ்வப்போது ஒரு பொய்யை நுழைக்கும். யாரோ ஒருவருடைய நிஜப் பைக்குள் இல்லாத துப்பாக்கி, இல்லாத கத்தி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 'சபாஷ், இது சோதனைப் படம்' என்று பச்சை எழுத்தில் வரும், பை தன் வழியே போய்விடும். பதினோரு வருஷத்தில் நான் பார்த்த கத்திகளில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான். அதனால் கத்தியைப் பார்த்தால் எங்களுக்குப் பயம் வராது, மார்க் வரும்.

அன்று காலை பத்தேகாலுக்கு மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பை வந்தது. வயிறு புடைக்கத் திணித்திருந்தார்கள். குழந்தைத் துணி, ஒரு ஃபைல் நிறையக் காகிதம், ஸ்வெட்டருக்குள் சுருட்டிய நகைப்பெட்டி, பால்பவுடர் டப்பா.

"யாரோ ஒருத்தி வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்திருக்கா. டூர் போற மூஞ்சியா இது?" என்றேன்.

"பைக்கு ஏதுடி மூஞ்சி?" என்று பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள்.

டப்பாவைத் திருப்பினேன். பவுடருக்கு நடுவில் செங்குத்தாக ஒரு கத்தி. "வந்துடுச்சு பாரு நம்ம மார்க்கு" என்று அழுத்தினேன். பச்சை எழுத்து வரவில்லை. மறுபடியும் அழுத்தினேன். கத்தி அசையாமல் அங்கேயே நின்றது.

படத்தை மெதுவாக உருட்டினேன். பொய்க்கத்தி இப்படி நிற்காது. பொருளையே ஊடுருவிக்கொண்டு நிற்கும், சில சமயம் நுனி டப்பாவைத் தாண்டி வெளியே நீட்டும். இந்தக் கத்தியைச் சுற்றிப் பவுடர் விலகி இடம் விட்டிருந்தது. அலகில் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் ரப்பர் பேண்ட் போடாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

நிஜப் பொருள் என்றால் கண்டுபிடித்தவரே நேரில் போய் இடத்தைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. சூப்பர்வைசர் முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். சோதனை மேசைக்குப் பக்கத்தில் பெண் போலீஸ் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே, எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் தங்கை.

தூக்கிவாரிப் போட்டது. இதே ஊரில், அரைமணி நேர பஸ் தூரத்தில் இருப்பவள். ஊருக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னவளில்லை. "நீயா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, சீருடை போட்ட எவளோ ஒருத்தியிடமிருந்து விலக்குவதுபோலப் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"கத்தி எதுக்கும்மா பால்பவுடருக்குள்ள?" என்றார் போலீஸ்காரி.

"எங்க வீட்டுக்காரர் கைக்குக் கிடைக்கக் கூடாதுன்னு மேடம். குழந்தை டப்பாவ மட்டும் அவர் தொட மாட்டாரு. ஒரே மாதிரி ரெண்டு டப்பா. காலைல அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன்."

"எவ்வளவு நாளா இப்படி ஒளிச்சு வெச்சிருக்க?"

"போன மாசம் எட்டாம் தேதிலேருந்து."

எட்டாம் தேதி எனக்கு விடுமுறை. அன்று காலை இவள் போன் செய்து, "அக்கா, இவரப் பாத்தா பயமா இருக்கு" என்றாள். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை, கொஞ்சம் அனுசரித்துப் போ என்று உபதேசம் செய்தேன். அதோடு விட்டேனா? அவள் புருஷனுக்கே போன் போட்டு, "என்ன மாப்பிள, என் தங்கச்சிய மிரட்டுறீங்களாமே?" என்று கேட்டேன். "அவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் அண்ணி" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"எங்க அக்காகிட்ட சொல்லியிருந்தேன். அவங்க அப்படியே அவர்கிட்ட சொல்லிட்டாங்க. சாயங்காலம் வந்தாரு. இந்தக் கத்திய மேசைமேல வெச்சுக்கிட்டு, இன்னும் யார் யார்கிட்ட சொன்னேன்னு பொறுமையா கேட்டாரு."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, யாராவது ஒருத்தர் இத உறுதி பண்ணணும். அக்கா நம்பர் குடு. இல்லன்னா வீட்டுக்காரர் நம்பர் குடு, ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுடறோம்."

தங்கையின் முகம் வெளுத்துப்போனது. "அவருக்குப் பண்ணாதீங்க மேடம். நான் கிளம்புனதே தெரியாது. அக்காவுக்கும் வேண்டாம். அவங்க மறுபடியும் அவர்கிட்டதான் சொல்லுவாங்க."

என் எதிரே நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னாள். விமானத்துக்கு நாற்பது நிமிஷம் இருந்தது.

"நான்தான் அந்த அக்கா" என்றேன்.

சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "சொந்தக்காரங்க பைய நீ பாத்ததா எழுதினா உன்மேலயே விசாரணை வரும். தெரியுமில்ல?"

"வரட்டும் சார்."

போலீஸ்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி சொன்னப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் நம்பல மேடம். அந்த ஆளு சொன்னதுதான் நெசம்னு நெனச்சேன். அவகிட்ட கேட்டத அப்படியே அவர்கிட்ட ஒப்பிச்சேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதினேன். கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "போம்மா, நேரமாச்சு" என்றார் போலீஸ்காரி. தங்கை ஒற்றைக் கையால் பையை அடுக்கினாள். நான் உதவிக்குப் போனபோது பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய போர்டிங் பாஸ் என் விரலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. போகிற ஊரைப் பெரிய எழுத்தில்தான் போடுவார்கள். பார்ப்பது என் பிழைப்பு. பார்க்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவி அதைக் குப்புறப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினேன்.

அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பிறகு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள்.

எந்த கேட் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்காமல் எங்கள் அறைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் போனில் மாப்பிள்ளையின் அழைப்பு ஒன்பது. பத்தாவது கையிலேயே அடித்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி, சின்ன மனஸ்தாபம். அவளுக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயமாச்சே" என்று சிரித்தார். போன மாதம் சிரித்த அதே சிரிப்பு. "அவ எங்க போயிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அது உண்மை.