எர்ணாவூர் பக்கம் வராத வண்டி

சுஜாவுக்கு பஸ் என்றால் உயிர். ஆனால் அவள் பஸ்ஸில் ஏறிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

கடைசியாக ஏறியபோது அவளுக்குப் பதினொரு வயது. சுனாமிக்குப் பிறகு காசிமேட்டுக் கரையிலிருந்து அவர்கள் குடும்பத்தை எர்ணாவூர் குடியிருப்புக்குக் கொண்டுவந்து குடிவைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் ராயபுரத்திலேயே இருந்தது. காலையில் அம்மா டோரதி காலி மீன்கூடையோடு பின்படியில் ஏற, சுஜா முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின்மேல் உட்கார்ந்துகொள்வாள். சூடு பாவாடையைத் தாண்டித் தொடைக்கு ஏறும். கண்ணாடி முழுக்கக் கடற்கரைச் சாலையும் கருங்கல் தடுப்பும் ஓடிவரும். ஒரு மழைநாளில் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சாலையைக் கடந்தபோது, துறைமுகத்துக்குப் போகக் காத்திருந்த டிரெய்லர் லாரி ஒன்று அவளைப் பார்க்காமல் பின்னால் நகர்ந்து மோதியது. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரி என்றாலும் மாதாகோயில் என்றாலும் ஆட்டோதான். ஆட்டோவுக்குள் தூக்கி உட்காரவைப்பார்கள், சக்கர நாற்காலியை மடித்துக் காலடியில் திணிப்பார்கள், போய் இறங்குவாள். ஆட்டோவில் போவதை அவள் பயணம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. தபாலில் படித்துப் பட்டம் வாங்கினாள். துறைமுகச் சரக்கு ஏஜென்ட் ஒருவரிடம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பத்திரங்கள் அடித்துக்கொடுக்கும் வேலை. ஜன்னலுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் எண்ணூர் சாலை. இரவும் பகலும் டிரெய்லர் உறுமல். அதற்கு நடுவே எப்போதாவது ஒரு பஸ். கீபோர்டில் ஓடும் விரல்கள் அந்தச் சத்தத்துக்கு மட்டும் நின்றுவிடும்.

அவளைப்போல் பஸ் பைத்தியம் பிடித்தவர்கள் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது போனில்தான் தெரிந்தது. ‘வடக்கு பஸ் தோஸ்துங்க’ என்று ஒரு வாட்ஸாப் குழு. புது வண்டி எந்த டெப்போவுக்கு வந்தது, பழைய வண்டிக்கு எங்கே புதுச் சாயம் பூசினார்கள், எந்த டிரைவர் திருப்பத்தில் ஸ்டீரிங்கை ஒற்றைக் கையால் ஒடிக்கிறார் என்று நாள் முழுக்கப் பேச்சு. அதில் டில்லிபாபு என்று ஒருவன். வியாசர்பாடிக்காரன், டெப்போவுக்குப் பின்தெரு. பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கழுத்தில் எப்போதும் கேமரா. நன்றாகப் படம் எடுப்பான். அதைவிட நன்றாகப் பேசுவான். அவன் குரல் பதிவுகளைக் கேட்டால் நாமும் அந்த வண்டியில் நின்றுகொண்டு போவதுபோலவே இருக்கும்.

ஒருநாள் சுஜா அவனுக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “படம் வேணாம். ஏறுறதுலேர்ந்து ஜன்னல்ல போய் குந்துற வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்புறியா?”

“அதுல இன்னா கீது பாக்க?”

“எனக்கு அதான் வேணும்.”

அவன் அனுப்பினான். அதிலிருந்து இரண்டு வருஷமாக அனுப்பிக்கொண்டே இருந்தான். “நீயும் ஒரு நாள் வாயேன், எல்லாரும் மீட் பண்றோம்,” என்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான். வேலை, ஜுரம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். நாற்காலியைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. சொன்னால் பஸ் பேச்சு நின்று அவளைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். அவளைப் பற்றிய பேச்சு அவளுக்கு வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைத்தது.

வியாசர்பாடி டெப்போவிலிருந்து மின்சார பஸ்கள் புறப்படத் தொடங்கிய வாரத்தில் குழுவுக்குத் திருவிழா. பாதிப் பேர் லீவு போட்டுவிட்டுப் பைக்கில் வண்டிகளைத் துரத்தினார்கள். சத்தமே இல்லை, பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியவில்லை என்றான் ஒருவன். சத்தமில்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். அந்த அமளிக்கு நடுவில் டில்லிபாபு ஒரு படத்தைப் போட்டுவிட்டு, போகிறபோக்கில் ஒரு வரி சொன்னான்: “நடு டோர்ல மடக்கு பலகை வெச்சிகிறான் பாரு. வீல்சேர் சுளுவா ஏறிடும். மெய்யாலுமே சோக்கா கீது.”

சுஜா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தாழ்வான தளம். தெருவுக்கும் வண்டிக்கும் நடுவே விரித்துவைத்த பலகை. உள்ளே, இருக்கை போடாமல் விட்டிருந்த ஒரு வெற்றிடம். சுவரில் சக்கர நாற்காலியின் படம். அன்று அடித்த பத்திரத்தில் கப்பல் பெயரைத் தப்பாக அடித்து ஏஜென்டிடம் திட்டு வாங்கினாள்.

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் செங்கொடியிடம் சொன்னாள். செங்கொடி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்பவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பேச்சில் தாட்சண்யம் கிடையாது.

“பஸ்ல போறதுக்கு ஆட்டோ வெச்சிகினு வியாசர்பாடிக்குப் போணுமா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

“எங்க போற பஸ்ஸு?”

“எங்க போனாலும் சரி.”

செங்கொடி விரல்விட்டு நாளை எண்ணினாள். “வியாழக்கெழம எனக்கு லீவு. தலைய வாரிகினு ரெடியா இரு.”

வியாழக்கிழமை காலை பத்து மணிவாக்கில் இருவரும் வியாசர்பாடி நிறுத்தத்தில் இருந்தார்கள். முதல் வண்டி வந்தது. உண்மையாகவே சத்தமில்லை, டயர் தார்மேல் ஒட்டிப் பிரிவது மட்டும் கேட்டது. நிறுத்தத்தில் நின்றதும் பெருமூச்சு விட்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது, யானை பாகனுக்குக் கால் மடக்குவதுபோல. கதவு திறந்தது. சுஜாவின் கைகள் சக்கரத்தைப் பிடித்திருந்தன, உருட்டவில்லை. ஏறினவர்கள் ஏறினார்கள். வண்டி போய்விட்டது.

“இன்னாடி?”

“கூட்டமா இருந்திச்சிக்கா.”

“பத்து பேரு இருந்தா அது கூட்டமா?”

அடுத்த வண்டியில் பத்துப் பேர்கூட இல்லை. அதையும் விட்டாள். ஏறி, அது தான் நினைத்ததுபோல் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயம். இத்தனை வருஷமாக நினைத்து நினைத்து வைத்திருந்த ஒன்றை ஒரு காலை வேளையில் கொண்டுபோய்த் தொலைத்துவிடக்கூடாது. செங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் பார்த்து நின்றாள்.

மூன்றாவது வண்டி வளைவில் தெரிந்தபோது, சாலையோரம் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவன் எழுந்தான். நாற்காலியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், கையை உயர்த்திக்கொண்டு ஓடினான்.

“அண்ணே, ரவ ஓரமா கட்டுங்க, வீல்சேர் ஏறுது.”

அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி, கறுப்பு. கழுத்தில் கேமரா ஆடியது. கண்டக்டர் இறங்கிவந்து பலகையின் கைப்பிடியைத் தூக்க, இவனும் ஒரு பக்கம் பிடித்து விரித்தான். பிறகு அவளிடம் திரும்பினான்.

“வாங்கக்கா. பயப்படாதீங்க. சும்மா இஸ்துகினு போய்டலாம்.”

அக்கா என்ற சொல் எங்கேயோ குத்தியது. அவனுக்கும் அவளுக்கும் ஒரே வயது. “நானே வர்றேன்,” என்றாள். சக்கரத்தை அழுத்தினாள். பலகை தடதடத்தது, பின் தளம் வந்தது, சமமாக. அவள் பஸ்ஸுக்குள் இருந்தாள். யாரும் தூக்கவில்லை.

கண்டக்டர் நாற்காலிக்குப் பட்டை மாட்டினார். கதவு மூடிக்கொள்ள, ஜன்னலில் தெரு நகர ஆரம்பித்த பிறகுதான் வண்டி கிளம்பியதே அவளுக்குத் தெரிந்தது. செங்கொடி ஓர் இருக்கையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். டில்லிபாபுவும் ஏறிவிட்டிருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.

“பர்ஸ்ட் தபாவா?” என்று கேட்டான்.

தலையை மட்டும் ஆட்டினாள். இன்னும் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

“சூப்பரா கீது இல்ல? எங்க குரூப்புல சுஜான்னு ஒரு பொண்ணு கீதுக்கா. பஸ்ஸுன்னா அப்டி ஒரு ஆசை அதுக்கு. எத்தினி வாட்டி கூப்ட்டாலும் வராது. எந்த வண்டில ஏறினாலும், ஏறுறத எடுத்து அனுப்புன்னும். ஏன்னு கேட்டா சொல்லாது. நானும் அனுப்பிகினே இருக்கேன்.” சிரித்தான். “இப்பகூட நெனச்சேன், அது வந்திருந்தா எப்டி இருக்கும்னு.”

வண்டி பேசின் பிரிட்ஜ் தாண்டி யானைக்கவுனிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே தண்டவாளங்கள் வெயிலில் மினுங்கின. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். சொல்லாமல் இறங்கிவிடலாம். இன்று மாலை அவன் அனுப்புவான், நாளையும் அனுப்புவான், எல்லாம் முன்போலவே இருக்கும். முன்போலவே இருப்பதைத்தான் அவளால் இனித் தாங்கமுடியாதென்று தோன்றியது.

“டில்லி,” என்றாள். “நான்தான் சுஜா.”

அவன் முதலில் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் நாற்காலியைப் பார்த்தான். பாலம் இறங்கும்வரை கேமராவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

“ரெண்டு வருஷம்,” என்றான் கடைசியில். “ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருந்தா?”

“சொல்லிருந்தா… வண்டிக்கு வண்டி படி எவ்ளோ ஒசரம்னு பாத்திருப்பேன்.”

“அதான் சொல்லல. நீ படியப் பாத்திருப்பே. எனக்கு வண்டியக் காட்ட ஆள் வேண்டியிருந்திச்சி.”

கோபமா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு அவன் வெளியே பார்த்தான். “நா சும்மா டைம் பாஸுக்கு எடுக்குறேன்னு நெனச்சி பாதிய ஆட்டி ஆட்டி எடுத்தேன். தெரிஞ்சிருந்தா ஒழுங்கா எடுத்திருப்பேன்.”

“ஆட்டி எடுத்ததுதான் நல்லாருந்திச்சி. பஸ்ஸு ஆடும்ல.”

அதற்கு அவனால் சிரிக்காமல் இருக்கமுடியவில்லை. செங்கொடி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனுக்குப் பார்சல் எடுக்கும் நேரம் தாண்டியிருந்தது, பைக்கை வேறு வியாசர்பாடியிலேயே விட்டுவந்திருந்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சென்ட்ரலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினான். இறங்கின பிறகும் நடைபாதையில் நின்று கையைத் தூக்கியபடி இருந்தான். படம் எடுக்கவில்லை. சென்ட்ரலில் எல்லாரும் இறங்க, “நீ எங்கம்மா போணும்?” என்று கண்டக்டர் கேட்டார். “திரும்பி இதுலயே,” என்றாள் சுஜா. வியாசர்பாடி வந்தபோது மறுபடியும் அதையே சொல்லியிருப்பாள். ஆனால் செங்கொடி, பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் வீட்டில் இருக்கவேண்டும்.

அதன்பிறகு அவளுக்கு வீட்டில் இருப்பது முன்னைவிடக் கடினமாயிற்று. ஏறாதவரை அது ஒரு கனவு. ஏறிய பிறகு அது வேறெங்கோ, தனக்கில்லாமல், தினமும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. அது எர்ணாவூர் பக்கம் வரவில்லை. டில்லிபாபு தினமும் பேசினான். மனு எழுதிப் போட்டான். குழுவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினான். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் பேச்சு இப்போது பஸ்ஸில் தொடங்கி வேறெங்கெங்கோ போய் முடிந்தது. சிலசமயம் ஒன்றும் பேசாமல் இருவரும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார்கள்.

ஐப்பசி மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகு ஒருநாள், மாலை நான்கு மணிக்கு மேல் எண்ணூர் சாலையில் ஒரு மின்சார பஸ்ஸை வெள்ளோட்டம் விடப்போகிறார்கள் என்று குழுவில் செய்தி வந்தது. டில்லிபாபு வேலையை யாரிடமோ தள்ளிவிட்டு எர்ணாவூருக்கு வந்தான். டோரதி அவனை ஏற இறங்கப் பார்த்து, டீ கொடுத்து, “அதிக தூரம் போவாத,” என்று பொதுவாகச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

இருவரும் சாலையோரம் காத்திருந்தார்கள். நிறுத்தத்தின் நடைமேடை உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நாற்காலி ஏறாது. டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியை வாரி இறைத்தன. வெளிச்சம் மங்கும் நேரத்தில், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே அது வந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் தவிர இருக்கைகள் எல்லாம் காலி. நிற்காது என்று தெரிந்தும் சுஜாவின் கை தானாக உயர்ந்தது. நடுக்கதவு அவளைத் தாண்டிப் போனது. கதவுக்கு உள்ளே, தரையோடு தரையாக மடிந்திருந்த பலகை ஒரு நொடி தெரிந்தது. பின்னால் வந்த டிரெய்லர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

“நிறுத்தமாட்டான்,” என்றான் டில்லிபாபு. “வெள்ளோட்டம்ல. வரும். அடுத்த வருஷத்துக்குள்ள கண்டிப்பா வரும்.”

“வரும்னு நீ சொல்லணும்னு நா வரல. போறதயாவது பாக்கலாம்னுதான் வந்தேன்.”

அவன் ஹெல்மெட்டை எடுத்தான். வியாசர்பாடிக்கு ஒரு மணிநேரம் ஓட்டவேண்டும். அவள் அவன் சட்டையில் படிந்திருந்த புழுதியைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள்.

“ரவ நேரம் இரு,” என்றாள்.

அவன் ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, கீழே கிடந்த ஒரு சிமென்ட் கல்லைப் புரட்டிப் போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான். டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. இருவரும் வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.