வெளுத்த மோதிரம்

சுரங்கக் கம்பெனியின் காவல் அதிகாரி பர்னபாஸின் மேஜைமேல் ஒரு மோதிரமும் ஒரு மூக்குத்தியும் கிடந்தன. இரண்டும் தங்கம். இரண்டும் ஈயம் பூசியதுபோல் வெளுத்திருந்தன.

"பாதரசம்," என்றார் பர்னபாஸ். "மில்லுல வேலை பாக்கறவன் வீட்டுல பாதரசத்துக்கு இன்னா வேலை?"

அப்பாதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் மனைவி சுலோச்சனா. மில்லில் அரைத்த தங்கத் தாதுச் சேறு, பாதரசம் தடவிய செம்புத் தகடுகள்மேல் ஓடுகிற இடத்தில் அவனுக்கு வேலை. அங்கே தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதனால் மில் தொழிலாளி வீட்டு நகை வெளுத்திருந்தால் 1963-ல் தங்கவயலில் யாருக்கும் வேறு காரணம் தோன்றாது. சில நாளுக்கு முன் குழாயடியில் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவுக்கும் தோன்றவில்லை.

"இன்னாடி சுலோச்சனா, மில்லையே விரல்ல மாட்டிக்கினு வந்துட்டே?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

பேச்சு ஆபீஸ் வரைக்கும் போனது. மறுநாள் கம்பெனிக் காவலாட்கள் வந்து வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். அரிசிப் பானைக்குள்கூடக் கை விட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வெளுத்த நகைகளை எடுத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை ஷிப்டுக்கு வர வேண்டாம் என்று அப்பாதுரையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும்.

இத்தனைக்கும் காரணம் சுலோச்சனாவின் கன்னம். இரண்டாவது குழந்தை பிறந்தபின் அதில் மங்கு கருந்திட்டாகப் படர்ந்தது. மாமியார் பழனியம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு, பயத்தமாவு எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று.

"கறுப்புன்னாலும் ஒரே கறுப்பா இருக்கணும். இது இன்னா, தோசைக்கல்லுல தீஞ்ச மாதிரி?" என்பாள்.

பிறகு, தான் பாத்திரம் தேய்க்கும் பங்களாவிலிருந்து ஒரு க்ரீம் டப்பா கொண்டுவந்தாள். முதலில் மங்கு குறைந்தது. தெருப் பெண்கள் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள். அப்புறம் தோல் எரிந்தது, உரிந்தது. உரிந்த இடத்தில் முன்னைவிடக் கறுப்பாக, சாம்பல் கலந்த ஒரு நிறம் ஏறியது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்திடாதே" என்றாள் பழனியம்மா.

மோதிரம் எப்படி வெளுத்தது என்று சுலோச்சனா கண்டுபிடித்துச் சொன்னபோது அப்பாதுரைக்குப் பயம் வந்துவிட்டது. விசாரணைக்கு ஆபீசுக்குக் கிளம்பும்போது, "க்ரீம் பேச்சே எடுக்காதே. எங்கம்மா வேலைக்கு உலை வச்சிடாதே. உங்கம்மா வீட்டுலேருந்து வந்தப்பவே நகை இப்படித்தான்னு சொல்லு" என்றான்.

"எங்கம்மா வீட்டைத் திருட்டு வீடாக்கச் சொல்றியா?" என்று கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

இப்போது பர்னபாஸ் முன்னால் அவள் மடியிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சுலோச்சனா, வேணாம்," என்றான் அப்பாதுரை மெதுவாக.

"சார், இதைத் தடவுற விரல்லதான் மோதரம் கெட்டுச்சு. கன்னத்தை ஒட்டி மூக்குத்தி கெட்டுச்சு. காதுல கீற கம்மலைப் பாருங்க, மஞ்சளாத்தான் கீது. திருட்டுப் பாதரசம் எடம் பாத்துத்தான் ஒட்டுமா?"

பர்னபாஸ் சிரித்தார். "மூஞ்சிக்குப் பூசுற க்ரீம்ல பாதரசமா? எவம்மா உனக்குச் சொன்னான்?"

"யாரும் சொல்லல. மூஞ்சி எரியுது, தெரியுது. இது உங்க வீட்டு டப்பா சார். எங்க அத்தைக்கு ஐடாம்மா குடுத்தாங்க."

"பழனியம்மா மருமகளா நீ?"

"ஆமா. வீட்டுக்குப் போய் ஐடாம்மா மோதரத்தைப் பாருங்க. அங்கயும் பானைக்குள்ள கை விட்டுப் பாருங்க."

அப்பாதுரை கண்ணை மூடிக்கொண்டான். பர்னபாஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். டெலிபோனை எடுத்து மனைவி ஐடாவிடம் இங்கிலீஷில் பேசினார். பேச்சு நீள நீள அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

ரிசீவரை வைத்தார்.

"போன வருஷம் அவ கல்யாண மோதரமும் இப்படி ஆச்சாம். தட்டான்கிட்ட குடுத்து மெருகு போட்டுக்கிட்டாளாம். எங்கிட்டச் சொல்லல." அதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். "இப்பல்லாம் கழட்டி வச்சுட்டுத்தான் பூசுறாளாம்."

நகைகளை விரலால் தொடாமல், ஸ்கேலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"அப்பாதுரை, நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடு." பிறகு சுலோச்சனாவிடம், "நீயும் இனிமே மோதரத்தைக் கழட்டி வச்சுட்டுப் பூசும்மா. எல்லாருக்கும் வீண் தொல்லை" என்றார்.

"சரிங்க சார்," என்றான் அப்பாதுரை. கும்பிட்டுவிட்டு நகைகளை எடுத்துக்கொண்டான்.

சுலோச்சனா அவன் பக்கம் திரும்பினாள். உரிந்த கன்னம் இழுத்துப் பிடித்தது.

"இன்னாய்யா சரி?"

அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"வா, வெளியில போய்ப் பேசலாம்," என்று அவன் வாசலைக் காட்டினான்.

"இங்கயே சொல்லு. அரிசிப் பானைல கை விட்டாங்களே, அது சரியா? நான் இன்னும் இதைப் பூசணுமே, அது சரியா? இன்னாய்யா சரி?"

அவள் நகரவில்லை.