மாஸ்டர் அடைத்த ஓட்டை

"அப்பா, நீ ஆரம்பிச்சு முடிச்ச வேலை ஏதாவது ஒண்ணு இருக்கா?"

தையல்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. கேலிக்குக் கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் செய்து முடித்த வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். பென்சிலும் கையுமாக நின்றாள்.

தையல்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது. சமையலறைச் சுவரில் பாதி நீலம், மீதி பழைய மஞ்சள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி. அது வந்து சேரவே இல்லை. அதனால் உள்ளே இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"கடையில தினம் தினம் சட்டை முடிக்கிறேனே!"

"அது ஊருக்கு. நமக்கு என்ன முடிச்ச?"

"'எங்கம்மா சமைச்சு முடிச்சா'ன்னு எழுதிக்கோடி," என்றாள் மனைவி. "அது ஒண்ணுதான் இந்த வீட்ல நடக்குது."

மூவரும் சிரித்தார்கள். தையல்காரர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். ஆனாலும் கேள்வி மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. எந்த வேலையை எடுத்தாலும் அப்பா பாதியில் விட்டுவிடுவார் என்று தெரிந்தே ஒரு பெண் வளர்ந்தால், நாளைக்கு அவர் கொடுக்கிற எந்த வாக்கைத்தான் அவள் நம்புவாள்?

அந்த முள்ளோடு இரண்டு வருஷம் போயிற்று. ஒருநாள் யாருடைய படகுக்கோ இருக்கை உறை தைக்க அளவெடுப்பதற்காக ஆற்றோரப் படகுப் பட்டறைக்குப் போனார். வேலி ஓரம், புதருக்குள் ஒரு ஃபைபர் படகு கிடந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். உள்ளே மண் சேர்ந்து, செடி முளைத்து, அந்தச் செடி பூத்தும் இருந்தது. பின்னால் மாட்டியிருந்த மோட்டாரைச் சாக்கு போட்டுச் சுற்றியிருந்தார்கள்.

"என்ன மாஸ்டர், பார்வை அங்கயே நிக்குது?" என்றார் பட்டறை முதலாளி. "வேணும்னா சும்மாவே எடுத்துக்குங்க. கோடை முடிஞ்சதும் இந்த இடம் பூரா காங்கிரீட் போடப் போறேன். அன்னிக்கு மிதக்குற படகு தண்ணிக்குப் போகும். மிதக்காததை ரம்பம் போட்டு அறுத்து லாரியில ஏத்திடுவேன்."

வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"படகா? உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"நீந்தாம போகத்தானேடி படகு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "ஏங்க, இதையும் பாதியில விட்டீங்கன்னா பாட்டுப் பாடிச் சமாளிக்க முடியாது. நம்ம பொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கா."

விடுமுறை நாளெல்லாம் பட்டறையிலேயே கழிந்தது. தரைப்பலகையைப் பெயர்த்தால் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஃபைபர் தூள் கழுத்துப்பட்டிக்குள் இறங்கி, வாரம் முழுக்கக் கடையில் சொறிந்துகொண்டே தைத்தார். ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையில் ஹார்ட்னர் கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, எவ்வளவு சீக்கிரம் என்று யாரும் சொல்லவில்லை. முழு டப்பாவையும் ஒரே வாளியில் கலந்துவிட்டார். அது சூடேறி, புகைந்து, கல்லாகிவிட்டது. நடுவில் பிரஷ் நிமிர்ந்து நின்றது.

"மாஸ்டர், பிரஷ்ஷுக்குச் சிலை வெச்சிட்டீங்களா?" என்று முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திறப்பு விழா எப்போ?"

அதற்குப் பிறகு டம்ளர் டம்ளராகக் கலந்தார். ஃபைபர் துணியை விரித்ததும் கை தானாக வழிக்கு வந்தது. முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டினார். ஓரத்துக்குத் துணி விட்டார். சட்டைக்கைக் குழிவில் கொடுப்பதுபோல வளைவுகளில் சின்னச் சின்னக் கத்தரிவெட்டு கொடுத்தார். சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் துணி படகோடு ஒட்டியது. முதலாளி வந்து தடவிப் பார்த்துவிட்டு, அன்று ஒரு கேலியும் பேசாமல் போனார்.

பக்கத்துப் படகு ஒரு கணக்கு வாத்தியாருடையது. தினமும் மாலையில் வந்து, தன் படகைத் தேய்த்துவிட்டுப் போவார். வணக்கம் சொன்னால் "ம்." மழை வருமா என்றால் "ம்." வராதா என்றாலும் அதே "ம்"தான்.

கோடை முடிகிற சமயத்தில் படகு படகு மாதிரி ஆகிவிட்டது. புதுத் தரை போட்டாயிற்று, வெள்ளை வண்ணம் அடித்தாயிற்று, மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று. கடைசியாக ஒருமுறை சுற்றி வந்தபோதுதான் பின்புறம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவு வட்டமாக ஒரு ஓட்டை கண்ணில் பட்டது.

ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தையல்காரர் கைக்குத் தெரியாது. அடுக்கடுக்காகத் துணி வைத்து, ரெசின் பூசி, தேய்த்து, வண்ணம் பூசினார். மனைவியை அழைத்துவந்து, "எங்க இருந்துச்சு ஓட்டை? கண்டுபிடி பார்ப்போம்!" என்றார். அவளால் முடியவில்லை. கிழிந்த பட்டுப்புடவையை நூலுக்கு நூல் இழுத்துத் தைத்து மறைத்த நாளில்கூட அவருக்கு இத்தனை பெருமை வந்ததில்லை.

தண்ணீரில் இறக்குவதற்கு முந்தின நாள். கடையில் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. மத்தியானம் பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை. மனைவி இரண்டுமுறை போன் செய்தாள்.

"படகு நனையுதேங்க!"

"நனையட்டும். அதுலதான் ஒரு ஓட்டைகூட இல்லையே!"

காலையில் போனார். படகின் மேல் யாருடையதோ நீலத் தார்ப்பாய், நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே புதுத் தரை ஈரமாக இருந்தது. மூலையில் ஒரு வாளி. படகைத் தாங்கிய மரத்தாங்கிகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது.

முதலாளி வந்தார். "மாஸ்டர், உங்க படகுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருந்துச்சே, எங்க?"

"அடைச்சிட்டேனே! தெரியுதா?"

"அடைச்சிட்டீங்களா?" முதலாளி தலையில் கை வைத்தார். "உள்ள சேர்ற தண்ணி வெளிய போக வெச்ச ஓட்டைங்க அது! கரையில இருந்தா திறந்து வெக்கணும், தண்ணியில இறக்குறப்போ மூடி போடணும். நேத்து உங்க படகு குளியல் தொட்டி. முழங்காலுக்குத் தண்ணி. இன்னும் அரை மணி விட்டிருந்தா தாங்கி முறிஞ்சு, படகு சாஞ்சு, அதோட முதுகெலும்பே போயிருக்கும்."

தையல்காரர் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார். "யார் இறைச்சது?"

முதலாளி குரலைத் தணித்தார். "சொல்லக் கூடாதுன்னாரு. பக்கத்துப் படகு வாத்தியார். தன் படகு மேல இருந்த தார்ப்பாயை உருவி உங்களுக்குக் கட்டிட்டு, கொட்டுற மழையில ஒத்த ஆளா இறைச்சாரு. 'முடிக்கிற நேரத்துல கெட்டுடக் கூடாது'ன்னாரு. அந்த ஆளு அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. நேத்து காலையிலதான் தன் படகு மேல்தளத்துக்கு வண்ணம் அடிச்சிருந்தாரு. பாருங்க அதை!"

வாத்தியாருடைய மேல்தளத்தில் பச்சை வண்ணம் முழுக்க மழைத்துளி விழுந்து குழிகுழியாகக் காய்ந்திருந்தது.

தையல்காரர் ஓடிப்போய், "சார், நேத்து நீங்க..." என்று ஆரம்பித்தார். வாத்தியார் நிமிராமல், "ம்" என்றார். இருக்கிற நன்றியெல்லாம் நெஞ்சிலேயே நின்றுபோனது. மனிதனுக்கு அனுப்புகிற உதவியில் பாதியை, அதைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் கையில்தான் கடவுள் கொடுத்தனுப்புகிறார் போலும்.

தையல்காரர் டிரில்லை எடுத்தார். அத்தனை அழகாக அடைத்த இடத்தைத் தன் கையாலேயே துளைத்தார். தரைக்கு அடியில் நின்ற மிச்சத் தண்ணீர் கொடகொடவென்று வெளியே கொட்டியது. மூடியைப் பொருத்தி மூன்றுமுறை இறுக்கிப் பார்த்தார்.

மதியம் படகு சரிவில் இறங்கித் தண்ணீரைத் தொட்டது. லேசாகத் தலையாட்டி, பிறகு நேராக நின்றது. மனைவி குனிந்து தரையைத் தடவினாள். ஒரு சொட்டு இல்லை. மகள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கயிற்றை இழுத்தார், மோட்டார் இருமியது. மறுபடி இழுத்தார், பிடித்துக்கொண்டது. கரையில் முதலாளி விசிலடித்தார். படகு நடு ஆற்றுக்குப் போயிற்று. அங்கே மோட்டார் விக்கி, நின்றுவிட்டது.

மகள் திரும்பி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். படகு மெல்லப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. தையல்காரர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், தோள் கழன்றுவிடும்போல இழுத்தார்.

மனைவி பெட்ரோல் டப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பக்கங்கள் உள்வாங்கி ஒட்டிப்போயிருந்தன.

"ஏங்க, எண்ணெய் டின்னுல ஒரு பக்கம் மட்டும் துளை போட்டா எண்ணெய் இறங்காதே. காத்து போக இன்னொரு துளை வேணும்ல? இந்த மூடியில எதையாவது அடைச்சீங்களா?"

மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருந்தது. பெட்ரோல் சிந்தாமல் இருக்கட்டும் என்று காலையில் அவர்தான் அதை இறுக்கி மூடியிருந்தார்.

"அடைச்சேன்," என்றார் மெதுவாக.

"உங்க கையைக் கட்டிப் போட்டாத்தான் இந்தப் படகு ஓடும்!"

திருகைத் தளர்த்தினார். டப்பா புஸ்ஸென்று மூச்சு விட்டது. மனைவி சிரித்தாள், மகள் சிரித்தாள், ஒரே இழுப்பில் மோட்டாரும் பிடித்தது. படகு மூக்கை உயர்த்தி, ஆற்றை இரண்டாக வகிர்ந்துகொண்டு அக்கரைவரை போய், வட்டமடித்துத் திரும்பியது. மகள் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினாள்: "எங்க அப்பா முடிச்ச படகு! எங்க அப்பா முடிச்சது!"

தையல்காரர் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். தெறிக்காத தண்ணீரும் அதில் கொஞ்சம் இருந்தது.

பட்டறையில் காங்கிரீட் கொட்டியாயிற்று. படகுகள் எல்லாம் துறையில் வரிசையாக நின்றன. பள்ளி திறந்துவிட்டதால் வாத்தியாருக்கு நேரமில்லை. அவருடைய படகு மட்டும் குழிவிழுந்த மேல்தளத்தோடு நின்றது. ஒரு விடுமுறைக்கு அவர் வெளியூர் போயிருப்பது தெரிந்தது.

அன்று விடிந்ததும், "துறைவரைக்கும் போயிட்டு வரேன்," என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தையல்காரர் கிளம்பினார். துறையில் ஈ காக்கை இல்லை. உதிர்ந்து கிடந்த ஒரு வண்ணச் செதிலை முந்தின வாரமே கடைக்கு எடுத்துப்போய், அதே பச்சையைக் கலந்து வாங்கி வைத்திருந்தார். துணிக்கு நூல் பொருத்திப் பொருத்திப் பழகிய கண்.

குழி தெரியாமல் தேய்த்தார். ஈரத்துணியால் துடைத்தார். ஓரங்களுக்குக் காகித டேப் ஒட்டி ஒரு பூச்சு பூசினார். அது காயும்வரை நிழலில் உட்கார்ந்து, வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே முணுமுணுவென்று கடவுளை வேண்டினார். பிறகு இரண்டாவது பூச்சு. சாயங்கால வெயிலில் மேல்தளம் வாழையிலை மாதிரி வழுவழுவென்று மின்னியது.

டேப்பை மெல்ல உரித்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரஷ்ஷை ஓரமாகக் கழுவினார். படிக்கட்டில் சிந்தியிருந்த ஒரு பச்சைச் சொட்டையும் விரலால் துடைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.