‘ஏய்’ யாருடைய பெயர்?

"ஏய், டவல்."

குளியலறைக் கதவு கையகலம் திறந்து, சோப்பு நுரையோடு ஒரு கை வெளியே நீண்டது. சமையலறையில் குழந்தைக்கு வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் குரல் கேட்டதோ இல்லையோ, கூடத்தில் படுத்திருந்த நாய்க்குக் கேட்டுவிட்டது. எழுந்து ஓடி, அவள் ஆடையின் நுனியைப் பல்லால் கவ்விக் குளியலறைப் பக்கம் இழுத்தது.

"வர்றேன், விடு. கிழிச்சிடாத" என்று அவள் அலுத்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு போனாள். பழக் கிண்ணம் ஒரு கையில், குழந்தை இடுப்பில், துண்டு தோளில். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். அவள் கணவனுக்கு மட்டும் வராது.

இது அந்த வீட்டில் தினமும் நடக்கிற கூத்து. "ஏய்" என்று சத்தம் வந்தால் போய் அவளை இழுத்து வர வேண்டும் என்று நாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண் விழித்தது முதல் வீட்டுக்காரன் "ஏய்" என்கிறான், அவள் வந்து நிற்கிறாள். வாயில்லா ஜீவன் வேறென்ன நினைக்கும்? அதுதான் அவள் பெயர் என்று முடிவுகட்டிவிட்டது. கணவனுக்கு அதில் பெருமை வேறு.

"என்ன அறிவு பாத்தியா நம்ம துரைக்கு. நான் ஒரு குரல் கொடுத்தா போதும், உன்னைக் கொண்டு வந்து நிறுத்திடறாரு."

துரை என்பது நாயின் பெயர். அதற்கு 'ரு' விகுதி. "வாங்க துரை, சாப்டீங்களா? ஏன் முகம் வாடியிருக்கு?" என்று தடவிக் கொடுப்பான். குழந்தைக்கு மகாராணி என்று செல்லப் பெயர். "மகாராணி எழுந்தாச்சா? நல்லா தூங்கினீங்களா?" என்பான். நாய்க்கு 'ங்க', இன்னும் நிற்கவே தெரியாத குழந்தைக்கு 'ங்க', கட்டியவளுக்கு மட்டும் 'ஏய்'. எங்கே போய் முட்டிக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

பேசத் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவனுக்கு வேலை. அங்கே வாயைத் திறந்தால் தேன்தான். முகம் தெரியாத யாரோ காது கூசத் திட்டினாலும் "உங்க கோபம் நியாயம்தான் மேடம்" என்று உருகுவான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன்தான் பயிற்சி கொடுக்கிறான். "முதல்ல அவங்க பேரைக் கேளுங்க. பேச்சுக்கு நடுவுல அதைச் சொல்லுங்க. தன் பேரைக் கேட்டாலே மனுஷனுக்குப் பாதிக் கோபம் இறங்கிடும்" என்று பாடம் எடுப்பான். அந்தப் பாடம் எல்லாம் அலுவலக வாசலோடு சரி. செருப்பைக் கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிடுவான் போலிருக்கிறது.

அவள் கேட்காமல் இல்லை. குழந்தை பிறப்பதற்கு முன்பே கேட்டாள்.

"என்னங்க, எனக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல. அதைச் சொல்லிக் கூப்பிட்டா என்னவாம்?"

"இதுல என்ன இருக்கு? உரிமையோடதானே கூப்பிடறேன். ரோட்ல போறவளையா ஏய்னு கூப்பிடறேன்?"

"ரோட்ல போறவளை அப்படிக் கூப்பிட்டா அடி விழும். அதனால கூப்பிடறதில்ல."

அவன் சிரித்துவிட்டுச் செய்தியைப் பார்க்கப் போய்விட்டான். அதற்கு மேல் அவளும் மல்லுக்கு நிற்கவில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது இதற்கெல்லாம் யார் சண்டை போடுவது.

அவளுக்கு இப்போது இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. பேறுகால விடுப்பு முடியப்போகிறது. வேலைக்குத் திரும்புவதற்குள் மகள் வாயால் ஒரு தடவை "அம்மா" என்று கேட்டுவிட வேண்டும். மகள் "ப்பா" சொல்லிவிட்டாள். நாயைப் பார்த்து "தொர" என்றுகூடச் சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தவள் பெற்றவள்தான்.

ஒவ்வொரு வேளையும் கரண்டியைக் காட்டி, "அம்மா சொல்லு. அம்... மா" என்பாள். குழந்தை உற்றுப் பார்க்கும், வாயை ஆவென்று திறக்கும், பழத்தை வாங்கிக்கொள்ளும். பாவம், அவளுக்குக் கைக்கு ஓய்வு கிடைப்பதே ஊட்டும் நேரத்தில்தான். அந்தச் சொல்லைக் குழந்தை கரண்டியோடு சேர்த்து மனதில் போட்டுக்கொண்டது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அப்பன்காரன் வாயிலிருந்தாவது அந்தச் சொல் விழுந்ததா என்றால், அதுவும் இல்லை. குழந்தையைத் தூக்கி நீட்டும்போது, "இந்தாங்க மகாராணி, அவகிட்ட போங்க" என்பான். அவள் யாராம்?

ஒரு விடுமுறை நாளில் அவனோடு வேலை பார்க்கிற நண்பர் மனைவியோடு குழந்தையைப் பார்க்க வந்தார். கணவனுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. மகளை மடியில் நிறுத்தி வேடிக்கை காட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா எங்க?"

குழந்தை அவன் மூக்கைப் பிடித்து "ப்பா" என்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"துரை எங்க?"

மேசைக்கு அடியில் கை காட்டி "தொர" என்றது. மறுபடியும் கைதட்டல்.

"அம்மா எங்க?" என்று நண்பரின் மனைவி கேட்டார். குழந்தை அவர் கையைப் பார்த்து வாயைத் திறந்தது. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து தேநீர்த் தட்டோடு அவள் வந்தாள். அவளைக் கண்டதுதான் தாமதம், குழந்தையின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் நீட்டி, உடம்பே துள்ள, "ஏய்" என்றது.

நாய் எழுந்து ஓடிப்போய் அவள் ஆடையைக் கவ்வி இழுத்தது. தட்டில் தேநீர் தளும்பிக் கொட்டியது. கூடமே சிரித்தது.

"பாத்தீங்களா, என்னை மாதிரியே உரிமையா கூப்பிடறா" என்று கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நண்பரின் மனைவி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தட்டை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கூப்பிட்ட குழந்தையிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? உள்ளே போய்க் கொட்டிய தேநீரைத் துடைக்கத் துணி எடுத்தவள், அதை முகத்தில் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். இத்தனை மாதம் ராப்பகலாகப் பார்த்ததற்கு இதுதானா என்று அவளுக்கு ஆறவில்லை.

விடுப்பு முடிந்தது. குழந்தையைக் காப்பகத்தில் விட இன்னும் ஒரு நாள் இருந்தது. "ஒரு நாள்தானே, நான் பாத்துக்கறேன். இதெல்லாம் ஒரு வேலையா" என்று அவன் அலட்டிக்கொண்டு விடுப்பு எடுத்தான். அவள் குழந்தையை முத்தமிட்டு, திரும்பிப் பார்த்து, மறுபடியும் வந்து முத்தமிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு குழந்தை தவழ்ந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தது. படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தது. வாசல் கதவருகே வந்து உட்கார்ந்து, "ஏய்" என்று கூப்பிட்டது.

நாய் தன் கடமையைச் செய்யக் கிளம்பியது. அறை அறையாக ஓடி மோந்து பார்த்தது. ஆள் இல்லை. திரும்பி வந்து குழந்தை பக்கத்தில் படுத்துக்கொண்டது. குழந்தை கதவைத் தட்டிக் கூப்பிட்டது. உதடு பிதுங்கியது. அழுகை பீறிட்டது. "ஏய்... ஏய்..." என்று விம்மி விம்மி அழுதது. ஒவ்வொரு அழைப்புக்கும் நாய் எழுந்து ஓடித் தேடிவிட்டு வந்தது.

அவன் தூக்கினான், ஆட்டினான், பொம்மை காட்டினான். ஒன்றும் எடுபடவில்லை.

"அழாதீங்க தங்கம். அம்மா வந்துடுவாங்க."

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். குழந்தை வாயைத் திறந்தது. அவனுக்குப் புரியவில்லை.

"அம்மாடா, அம்மா. சாயங்காலம் வருவாங்க."

இன்னும் அகலமாகத் திறந்தது. பசி என்று நினைத்துக் கிண்ணத்தை எடுத்து ஊட்டினான். குழந்தை அதைத் துப்பிவிட்டுக் கதவுப் பக்கம் சாய்ந்து, "ஏய்" என்று கதறியது.

கையில் கரண்டியோடு அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா வருவாள் என்று தன் பிள்ளைக்குச் சொல்ல அவனிடம் ஒரு சொல் இல்லை. பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் "ஏய் வரும்" என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வாடிக்கையாளர் எத்தனையோ பேரைப் பேசியே சமாதானப்படுத்தியவன், தான் கற்றுக்கொடுத்த ஒற்றைச் சொல்லைத் தன் மகள் அழுதழுது சொல்வதைக் கேட்டுக்கொண்டு வெட்கத்தில் கூனிக்குறுகினான். அழுது களைத்து அவன் தோளிலேயே தூங்கிப்போனது குழந்தை. தூக்கத்திலும் விம்மியது.

மாலையில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டதும் குழந்தை விழித்துக்கொண்டு, "ஏய்" என்று தாவியது. அவள் பையைக் கீழே போட்டுவிட்டு வாரி எடுத்துக்கொண்டாள். வீங்கிய கண்களைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாள் முழுக்க உன்னைத் தேடினா" என்றான் அவன். "அம்மா வருவாங்கன்னு சொன்னா, வாயைத் திறக்கறா. அவளுக்கு அம்மான்னா யாருன்னே தெரியலை."

"தெரியலையா? நீங்க தெரிய விட்டாத்தானே."

"தப்புதான். நாளையிலேர்ந்து நானே உக்காத்தி வச்சு அம்மான்னு சொல்லிக் கொடுக்கறேன். அந்த வார்த்தை இனிமே அவ வாயில வரக் கூடாது."

அவளுக்கு அப்போதுதான் உண்மையாகவே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அவளை ஒண்ணும் திருத்த வேணாம். அந்த வார்த்தையை இந்த வீட்டுல பாசமா சொல்றது அவ ஒருத்திதான். இன்னைக்கு வேலையில எல்லாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. முதல் தடவை கூப்பிட்டப்போ வேற யாரையோன்னு நினைச்சு நான் திரும்பவே இல்ல. எனக்கே என் பேர் மறந்து போச்சுங்க. அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கீழே கிடந்த அவள் பையை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளை பேசறதைத் தாய்மொழின்னு சொல்றாங்க. நம்ம வீட்டுல பெத்த தாயைக் கூப்பிடறதுக்கே அது தகப்பன் மொழியைத்தான் பேசுது. வெளியில நாம ஆயிரம் மேடம் சொல்லலாம், வீட்டுக்குள்ள சொல்றதுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். அவ தானா மாத்திப்பா. முதல்ல நீங்க பேசக் கத்துக்கங்க."