குழந்தைக்கு வைத்த முதல் பேர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அது ஊருக்கே தெரியும். அதனால்தான் மாதா கோயில் அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம், நீ வாயைத் திறக்காதே என்று என் புருஷன் ருஃபோ கெஞ்சிக்கொண்டே வந்தான்.

எங்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. மேயர் இலவசமாக நடத்திய கூட்டுக் கல்யாணத்தில் நாற்பது ஜோடிகளில் நாங்களும் ஒரு ஜோடி. கோயிலில் என்றால் வெள்ளை கவுன் வேண்டும், ஊரைக் கூட்டி முழுப் பன்றி சுட்டுப் போட வேண்டும். காசுக்கு எங்கே போவது? மேயர் முன்னால் கட்டியவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானமே கிடையாது என்று மாமியார் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் மகள் மாயுமிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவளுக்குச் சளி பிடித்தாலும், தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் படாமலே போய்விடுவாளோ என்று விடிய விடிய அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அலுவலகப் பெண் கோயில் கல்யாணச் சான்றிதழ் கேட்டாள். மேயர் கையெழுத்துப் போட்டதை நீட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான்.

"பன்னி சுடக் காசில்லாம கோயில்ல கட்டாதது நாங்க. எம் பொண்ணு என்ன பாவம் பண்ணா?" என்றேன்.

சத்தம் கேட்டு ஃபாதர் எலியாஸ் வெளியே வந்தார். போச்சு என்று ருஃபோ தலையில் கை வைத்தான். ஃபாதர் திட்டவில்லை. பெற்றவர்கள் கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றார். விசுவாசத்தில் வளர்ப்பீர்களா, குழந்தையை ஏந்தி நிற்க, உறுதிபூசுதல் என்ற அடுத்த சடங்கும் முடித்த ஞானத்தாய் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். உங்கள் கல்யாணத்தையும் ஒரு நாள் இங்கே கொண்டுவாருங்கள், பன்றி வேண்டாம் என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியாக, இதற்கு முன் குழந்தைக்கு யாராவது ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதுண்டா என்றார். இல்லை என்றேன். ருஃபோ தரையைப் பார்த்தான்.

"ஊத்தியிருக்கு ஃபாதர்" என்றான்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிரசவத்தன்று உதிரம் நிற்காமல் நான் நினைவிழந்து கிடந்தேனாம். குழந்தையும் நீலம் பாரித்து மூச்சில்லாமல் இருந்ததாம். மருத்துவச்சி புரிங் அக்கா ஒரு கையால் அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, மறு கையால் குவளைத் தண்ணீரை எடுத்துத் தலையில் மூன்று முறை ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றாளாம். நான் பயந்துவிடுவேன் என்று இருவரும் மறைத்திருக்கிறார்கள். வீட்டில் ஊற்றியது கணக்கில் வராது என்றும் இவன் நினைத்திருக்கிறான்.

"அப்போ அவ ஞானஸ்நானம் வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு" என்றார் ஃபாதர். "உயிர் போற நேரத்துல யார் ஊத்தினாலும் செல்லும். ரெண்டாவது தடவை ஊத்த முடியாது. புரிங் வந்து சாட்சி சொல்லட்டும். தைலம், வெள்ளை உடுப்பு, மெழுகுவர்த்தி, மிச்சத்தை இங்க செய்வோம். என்ன பேர் சொல்லி ஊத்தினா?"

ருஃபோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேர் சொல்லு, பேர் சொல்லுன்னு அக்கா அவசரப்படுத்தினாங்க. நாங்க பேரே யோசிச்சு வைக்கல. எனக்கு அப்போ வாயில வந்தது ஒரே பேர்தான்."

ஞாயிற்றுக்கிழமை புரிங் அக்காவே ஞானத்தாயாகக் குழந்தையை ஏந்தி நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டேன். என் இரண்டு உயிரையும் காப்பாற்றிய கை அது. ஞானஸ்நானப் பதிவேட்டில் மாயுமி என்பதற்கு முன்னால் ஃபாதர் என் பேரை எழுதினார்: பெலிசா.